எத்தனை நேரத்துக்கு?

டாங்கர் லாரிக்காரர் சம்ப்பு மூடியைத் தள்ளிவிட்டுத் தடித்த குழாயை உள்ளே இறக்கினார். முதல் வேகத்தில் கொஞ்சம் தண்ணீர் வெளியே தெறித்து, வெயிலில் காய்ந்து கிடந்த சிமென்டுத் தரையில் விழுந்தது. அந்த வாசனை எழும்பியதும் அப்பா நினைவு வந்துவிட்டது. ஈர மண்ணும் இரும்புத் துருவும் கலந்த வாசனை அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். அம்மா எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

2024 மார்ச் மாதம் அது. எங்கள் அடுக்ககத்து போர்வெல் காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. நகரத்தில் பாதி போர்வெல்களின் கதை அதுதான். ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டாங்கருக்கு ஆயிரம் ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை வைத்திருந்தது. அந்த விலைக்கு வரும் லாரியை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம். குழாய் இறங்கிய கையோடு செல்போனும் முனகியது. அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ எங்கிருந்தோ வந்ததை அனுப்பியிருந்தார்கள்: நமக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, நேற்று ராத்திரி மட்டும் தமிழ்நாட்டுக்குப் பத்தாயிரம் டி.எம்.சி. விட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகக் கோப முகங்கள்.

பத்தாயிரம் டி.எம்.சி.! காவிரிப் படுகை முழுவதிலும், குடகிலிருந்து பூம்புகார் வரை, ஒரு வருஷத்தில் கிடைப்பதாக நடுவர் மன்றம் எடுத்துக்கொண்ட கணக்கே 740 டி.எம்.சி.தான். பத்தாயிரம் வேண்டுமென்றால் பதின்மூன்று வருஷத்துக் காவிரியைச் சொட்டு விடாமல் சேர்த்துவைத்து ஒரே ராத்திரியில் அவிழ்த்துவிட வேண்டும். அப்படி விட்டிருந்தால் தமிழ்நாடு என்று ஒன்று மிஞ்சியிருக்காது.

அப்பா இருந்திருந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருப்பார். எத்தனை நேரத்துக்கு?

அப்பா பெங்களூரு குடிநீர் வாரியத்தில் வால்வுமேன். தெருக்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கன்னட வீடுகளில் ‘நீரு பிடோரு’, தமிழ் வீடுகளில் ‘தண்ணி விடுறவர்’. அல்சூர் ஏரியைச் சுற்றிய தெருக்கள் அவர் பொறுப்பில் இருந்தன. டி எழுத்து வடிவில் ஆளுயர இரும்புச் சாவி ஒன்றை சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஊர் தூங்கும் நேரத்தில் கிளம்புவார். தெருமுனையில் வட்ட இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கி, இரண்டு கையாலும் சுற்றுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் டார்ச் பிடிக்க என்னையும் கூட்டிப்போவார். குழாய்க்குள் தண்ணீர் வருவதற்கு முன் ஒரு பெருமூச்சு கேட்கும். உடனே வீடுகளில் விளக்கு எரியும். அண்டாக்கள் இழுபடும் சத்தம், பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். அந்த அகால வேளையில் எங்களுக்கு ஒரு வீட்டில் காபி வரும், இன்னொரு வீட்டில் வசவு வரும்.

வசவு எப்போதும் பக்கத்துத் தெருவைப் பற்றித்தான். ‘அவங்களுக்கு ரெண்டு மணி நேரம், எங்களுக்கு ஒரு மணி நேரமா?’ கோயில் பக்கத்துத் தெரு மேடு. அங்கே தண்ணீர் மெலிந்துதான் ஏறும், அதனால் அதிக நேரம் விட வேண்டும். ஏரிப் பக்கத்துத் தெரு பள்ளம். அங்கே ஒரு மணி நேரத்தில் எல்லாத் தொட்டியும் நிரம்பிவிடும். பள்ளத்துக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சண்டை போடுவார்கள். மேட்டுக்காரர்கள் குழாயின் வேகத்தைப் பார்த்துச் சண்டை போடுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் சண்டை தீராது. தேர்தல் வந்தால், கவுன்சிலருக்கு நிற்கிறவர் ஒரு தெருவில் கடிகாரத்தைப் பற்றியும் அடுத்த தெருவில் வேகத்தைப் பற்றியும் பேசி இரண்டிலும் கைதட்டு வாங்குவார்.

அப்பா ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வால்வுக்கும் எத்தனை சுற்று, எத்தனை நேரம் என்று இரண்டு பத்திகள். யாராவது சண்டைக்கு வந்தால் நோட்டைப் பிரித்துக் காட்டுவார். ‘எவ்வளவு வந்துச்சுன்னு தெரியணும்னா ரெண்டையும் கேக்கணும்டா. ஒண்ணை மட்டும் சொன்னா அது பொய்யில்லை, ஆனா பொய்யோட வேலையைச் செய்யும்’ என்பார். படித்தது எட்டாவது. அவருக்கு அது தத்துவமாகத் தோன்றியதில்லை. அன்றாட வேலையில் கண்ட விஷயம், அவ்வளவுதான்.

1991 ஜூன் 25 அன்று காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூருக்கு வந்துசேரும்படி கர்நாடகம் விட வேண்டும். அதன்பின் பல மாதங்களுக்கு ‘205’ என்ற எண் எங்கள் தெருவில் ஒரு ஆளைப் போலத் திரிந்தது. முடிதிருத்தும் கடை பெஞ்சில் கன்னடப் பத்திரிகையும் ‘தினத்தந்தி’யும் அடுத்தடுத்துக் கிடக்கும். இரண்டிலும் 205. ஒன்றில் அது கொள்ளை, இன்னொன்றில் அது பிச்சை. டி.எம்.சி. என்றால் என்ன என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. அது ஏதோ கமிட்டி என்று எங்கள் வாத்தியார் ஒருவரே நினைத்துக்கொண்டிருந்தார். மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கி, ஆங்கிலப் பத்திரிகைகள் அதையும் டி.எம்.சி. என்று எழுதத் தொடங்கியது பிற்பாடு 1996-ல். அப்போது எங்கள் ஊர்க்காரர்கள் பட்ட குழப்பத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

அப்பா எனக்கு அதைத் தரையில் வரைந்து காட்டினார். நீளம் ஓரடி, அகலம் ஓரடி, உயரம் ஓரடி. அதுதான் ஒரு கன அடி. அதற்குள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? 28 லிட்டரும் கொஞ்சமும். அம்மாவின் பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு குடத்துக்குச் சற்றுக் குறைவு. இப்படி நூறு கோடிப் பெட்டிகள் சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. ‘அதாவது ஒரு டி.எம்.சி.ன்னா நின்ன தண்ணி. அண்டாவுல இருக்கிற மாதிரி. கியூசெக்னா ஓடுற தண்ணி. ஒரு வினாடியில எத்தனை பெட்டி ஓடுதுங்கிறது. ஓடுற தண்ணிய நின்ன தண்ணியாக்கணும்னா என்ன கேக்கணும்?’ நான் பதில் சொல்லிவிட்டேன். எனக்கு அந்த வருஷக் கணக்குப் பரீட்சையில் வாங்கிய மார்க்கைவிட அது பெரிய சந்தோஷம்.

டிசம்பரில் அந்த உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானதும் ஊர் தீப்பிடித்தது. ஸ்ரீராமபுரம் பக்கமும் நகரத்தின் மேற்கிலும் தமிழர்கள் பட்டதை நான் பார்க்கவில்லை. அங்கிருந்து தப்பி வந்து எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில் தங்கியவர்களின் முகத்தைத்தான் பார்த்தேன். அல்சூரில் வேறு மாதிரி பயம். செய்தி வேகமாக வரும், வரும் வழியிலேயே பெருத்துவிடும். தெருவின் அந்த முனையில் ஒரு வீட்டில் கல் விழுந்தது என்று கிளம்பியது இந்த முனைக்கு வரும்போது பத்து வீடு எரிந்ததாகியிருக்கும். ஓசூர்ப் பக்கம் கன்னடக்காரர்களை அடிக்கிறார்களாம் என்று கன்னட வீடுகளில் இதே வேகத்தில் இன்னொரு செய்தி பெருத்துக்கொண்டிருந்தது. ‘ஆம்’ என்ற ஒற்றை ஒட்டு, எரிந்ததாம், அடித்தார்களாம், அந்த வாரம் முழுக்க ஊரை ஆண்டது. அம்மா முன்னறையில் தொங்கிய தமிழ் தினக்காலண்டரைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். கடைகளில் தமிழ் எழுத்துப் பலகைகள் ஒரே இரவில் காணாமல் போயின.

ஊரடங்கு நேரத்திலும் வால்வு திறக்க ஆள் போயாக வேண்டும். அப்பா வாரியத்தின் அடையாளச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கூட வேலை பார்த்த கன்னடக்காரர் ஒருவரோடு கிளம்பினார். அம்மா தடுக்கவில்லை, ஆனால் அவர் திரும்பும் வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அப்பா வந்து சொன்னது இதுதான்: ‘ரோட்டுல ஒரு நாய்கூட இல்லை. தண்ணி வந்ததும் எல்லாக் கதவும் திறந்துச்சு. ஒரு அம்மா, ஹுஷாரா மனெகெ ஹோகிரிண்ணா, பத்திரமாப் போங்கன்னாங்க. இன்னொரு வீட்டு ஆளு, உங்க ஊருக்குத்தான் எல்லாத் தண்ணியும் போகுதே, எங்களுக்கு எதுக்குய்யா விடுறேன்னான்.’

‘நீங்க என்ன சொன்னீங்க?’

‘எங்க ஊரு அல்சூருன்னேன்.’

அந்த ஆள் சொன்னதில் ஒளிந்திருந்த வேடிக்கையை நான் வளர்ந்தபிறகுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் கிருஷ்ணராஜசாகர் அணையிலிருந்து நேராகக் குழாய் போட்டு வருவதில்லை. அணையிலிருந்து ஆற்றில்தான் விடுகிறார்கள். ஆற்றோடு வந்த தண்ணீரைச் சிவசமுத்திரம் பக்கத்து சிவா அணைக்கட்டில் மறித்து, தொரெக்காடனஹள்ளியில் சுத்திகரித்து, ஹாரோஹள்ளி, தட்டகுனி என்று இடையிடையே பம்ப் செய்து, சுமார் நூறு கிலோமீட்டர் தூரம், ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 1974-ல் முதல் கட்டம் வந்ததிலிருந்தே வழி இதுதான். ஆகவே அணையிலிருந்து தண்ணீர் கீழே போகிறது என்று டி.வி.யில் காட்டும்போது, அதில் பெங்களூரின் குடிதண்ணீரும் போகிறது. வி.சி. நாலெ என்று மண்டியாக்காரர்கள் சொல்லும் விஸ்வேஸ்வரய்யா கால்வாய்க்குப் போகிற தண்ணீரும் அணையிலிருந்து எடுப்பதுதான். தமிழ்நாட்டுக்கு எவ்வளவு போனது என்பதை அணையில் அளப்பதே இல்லை. எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. இவ்வளவும் தெரிந்தால் சண்டைக்குச் சுவை போய்விடும் என்பதாலோ என்னவோ, யாரும் விரிவாகச் சொல்வதில்லை. 2024 மார்ச்சில்கூட, அந்தப் பத்தாயிரம் டி.எம்.சி. வதந்தி பறந்த அதே நாட்களில், அணையிலிருந்து தண்ணீர் போவதைப் பார்த்து மண்டியாவில் போராட்டம் கிளம்பியது. அது பெங்களூருக்குக் குடிக்க விட்ட தண்ணீர் என்று அரசாங்கமே வந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

நம் தமிழ்ப் பத்திரிகைகள் மட்டும் சளைத்தவையா? ‘பத்தாயிரம் கன அடி தண்ணீர் திறப்பு’ என்று தலைப்பு வைப்பார்கள். ‘வினாடிக்கு’ என்பதைத் தலைப்பில் இடமில்லை என்று வெட்டிவிடுவார்கள். உள்ளே எங்காவது இருக்கும், சில நாள் அங்கேயும் இருக்காது. தலைப்பை அப்படியே நம்பினால் என்ன கணக்கு வரும்? பத்தாயிரம் கன அடி என்பது சுமார் 2,83,000 லிட்டர். எங்கள் அடுக்ககத்துக்கு வரும் டாங்கர் லாரியில் இருபத்து நான்கு நடை. ஒரு மாநிலமே இன்னொரு மாநிலத்துக்கு இருபத்து நான்கு லாரி தண்ணீர் கொடுத்தது என்று படித்துவிட்டுத்தான் நாம் ஐந்து ஆறு தலைமுறைக்குக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறோம். ‘வினாடிக்கு’ என்பதைச் சேர்த்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால் அது 0.86 டி.எம்.சி. 2024 மார்ச்சில் பெங்களூருக்குக் கிடைத்துவந்த தினசரிக் காவிரித் தண்ணீர் 145 கோடி லிட்டர் என்று வைத்தால், நகரத்துக்குப் பதினேழு நாளைக்கு வரும். எண் மாறவே இல்லை, அதே பத்தாயிரம்தான். ஒரு சொல்லை எடுத்தால் இருபத்து நான்கு லாரி, ஒரு சொல்லை மாற்றினால் பதின்மூன்று வருஷத்துக் காவிரி.

அரசியல் பொய்க்கு மெனக்கெட்டு ஒருவர் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதை அப்பாவின் நோட்டுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான். பொய் சொன்னவனைப் பிடித்துவிடலாம். ‘வினாடிக்கு’ என்பதை வெட்டிய துணை ஆசிரியரை என்ன சொல்லித் திட்டுவது?

1991-ல் அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் வைத்த திருவள்ளுவர் சிலையை எதிர்ப்பு காரணமாக மூடிவைத்தார்கள். பதினெட்டு வருஷம் மூடியே இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் பிறகு வேலைக்குப் போகும்போதும் அந்த மூட்டையைத் தாண்டித்தான் போவேன். உள்ளே வள்ளுவர் இல்லை, வேறு யாரோ என்று ஒரு கதையும் கொஞ்ச காலம் உலவியது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி வந்து திறந்துவைத்தார். எடியூரப்பா பக்கத்தில் நின்றார். நான்காம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். அவர் சிலையைவிட ஏரித் தண்ணீரின் மட்டத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2012 ஆகஸ்ட்டில் சிட்டி ரயில் நிலையத்தில் பார்த்த கூட்டத்தையும் சொல்ல வேண்டும். ரம்ஜானுக்குப் பிறகு வடகிழக்குக்காரர்களைத் தாக்கப்போகிறார்கள் என்று செல்போனில் குறுஞ்செய்தி பரவி, ஆயிரக்கணக்கானவர்கள் குவஹாத்தி ரயிலுக்கு மூட்டையோடு நின்றார்கள். சிறப்பு ரயில்கள் விட்டார்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கே அரசாங்கம் சில நாள் தடை போட்டது. எங்கள் தெருமுனை சலூனில் முடிவெட்டும் அஸ்ஸாம் பையன் என்னிடம் சாவியைக் கொடுத்து முதலாளியிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனான். போகாதே, அது வதந்தி என்று சொல்ல வாய் வரவில்லை. எங்களிடமும் ஒரு டிசம்பரில் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. வதந்தியும் நிஜமும் ஒரே வண்டியில் வந்த காலம் அது.

2016 செப்டம்பர் 12. பத்து நாளைக்குத் தினம் வினாடிக்கு 15,000 கன அடி விட வேண்டும் என்று அதற்கு ஒரு வாரம் முன் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அன்று அதை மாற்றி 12,000 ஆக்கியது. அப்பா ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. டி.வி. முன்னால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையின் அடியில் எழுத்து ஓடுகிறது: குறைப்பு, குறைப்பு, கர்நாடகத்துக்குச் சற்று நிம்மதி. தமிழ்ச் சேனலுக்கு மாற்றினால் அங்கேயும் குறைப்பு, தமிழகத்துக்குப் பின்னடைவு.

‘எத்தனை நாளைக்கு?’ என்றார் அப்பா.

நான் தேடிப் பார்த்துச் சொன்னேன். 20-ம் தேதி வரைக்கும்.

தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். பழைய உத்தரவுப்படியானால் இன்னும் நாலு நாளில் முடிந்திருக்கும். புது உத்தரவில் வேகம் குறைந்தது, நாள் இரட்டித்துவிட்டது. மொத்தத்தில் தண்ணீர் கூடித்தான் போகும்! நிம்மதி என்று சொன்னவர்களும் பின்னடைவு என்று சொன்னவர்களும் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு ஏதோ புதையல் கிடைத்ததுபோல முகம் மலர்ந்தது. ‘பாருடா, நம்ம கோயில் தெரு கணக்கேதான்’ என்றார்.

அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். ‘கணக்குப் போடுற நேரமாய்யா இது?’

மைசூர் ரோடு பக்கம் வானத்தில் கரும்புகை என்று நண்பர்கள் படம் அனுப்பினார்கள். தமிழ்நாட்டுப் பேருந்துகள் நிறுத்தியிருந்த பணிமனை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு தமிழ்ப் பையனை அடித்துக் கும்பிடவைத்த வீடியோவும், ராமேஸ்வரத்தில் கன்னடக்காரர் ஒருவரை அடித்த வீடியோவும் இரண்டு மாநிலத்திலும் சுற்றிவந்தன. வதந்தி என்று தள்ள முடியாது, இரண்டும் நடந்தவைதான். ஆனால் இந்தக் குழுக்களில் ஒன்று மட்டும் வந்தது, அந்தக் குழுக்களில் மற்றது மட்டும் வந்தது. கோயில் தெருவும் ஏரித் தெருவும் மறுபடியும். எங்கள் பகுதியில் எந்த அசம்பாவிதமும் இல்லை. அன்று ராத்திரி தண்ணீர் வழக்கமான நேரத்துக்கு வந்தது என்பதை அப்பா விழித்திருந்து உறுதிசெய்துகொண்டார்.

இப்போது இருக்கும் அடுக்ககத்துக்கு நாங்கள் குடிவந்தது அப்பா காலமானபிறகு. எதிர் வீட்டில் மண்டியா மாவட்டத்துக்காரர் ஒருவர், வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அவருக்கு வி.சி. நாலெ பாசனத்தில் இன்னமும் இரண்டு ஏக்கர் கரும்பு இருக்கிறது. காலை நடையில் பழக்கம். எனக்குக் கன்னடம் நன்றாக வரும், அவருக்குத் தமிழ் சிவாஜி படங்கள் வழியாக வந்திருக்கிறது. அதனால் அவர் தமிழில் கொஞ்சம் வசனம் பேசுவார்.

அந்தப் பத்தாயிரம் டி.எம்.சி. செய்தி வந்த அன்று சம்ப்பு பக்கத்தில் நானும் அவரும் நின்றுகொண்டிருந்தோம். நான் மனசில் போட்ட கணக்கை அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ‘இதை க்ரூப்புல போடுங்க ஸார்’ என்றார். நான் போட்டால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். என் பெயரைப் பார்த்ததுமே கணக்கை யாரும் படிக்க மாட்டார்கள். தமிழன் தமிழ்நாட்டுக்காகத்தானே பேசுவான்! கொஞ்ச நேரம் யோசித்து, ‘சரி, கொடுங்க’ என்று தன் போனை எடுத்தார். கன்னடத்தில் நான்கே வரி. பெட்டி, வினாடி, நாள், டி.எம்.சி. கீழே ‘நானு மண்டியாதவனு’, நான் மண்டியாக்காரன், என்று கையெழுத்துப் போலச் சேர்த்தார். குழு அமைதியானது. ஒப்புக்கொண்டார்களோ, சலித்துக்கொண்டார்களோ தெரியாது. கோப முகங்கள் நின்றன.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. தமிழ்நாட்டுக்கு எதிரான தப்புக் கணக்கு அடுக்ககக் குழுவில் வந்தால் நான் எழுதித் தருவேன், அவர் போடுவார். கர்நாடகத்துக்கு எதிரானது வந்தால் அது என் பாடு. அது எங்கே வரும்? அம்மா வழிச் சொந்தக்காரர்களின் குழுவில் வரும்.

அம்மாவின் ஊர் திருவையாற்றுப் பக்கம். மாமாவுக்கு இன்னும் அங்கே நிலம் இருக்கிறது. அந்தக் குழுவில் வாரத்துக்கு ஒருமுறை ‘கர்நாடகம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தந்ததில்லை’ என்று ஏதாவது வரும். இந்த ஏற்பாட்டுக்கு முன்பே, 2018-ல் வெள்ளம் வந்து ஐந்து வருஷத்துக்குப் பின் மேட்டூர் நிரம்பி, ஆகஸ்ட்டில் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணை மதகுகள் அடித்துக்கொண்டு போனபோதும் அதே வாசகம் வந்தது. நான் பிலிகுண்டுலு கணக்கை எடுத்துப் போட்டேன். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கான ஆண்டு அளவை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்திருந்தது, குறைத்ததில் 4.75 பெங்களூருக்குக் குடிதண்ணீர். அந்த வெள்ள வருஷம் அந்த அளவுக்கு மேலேயே வந்துவிட்டது என்று எழுதினேன்.

மாமா குழுவில் பதில் சொல்லவில்லை, போனில் கூப்பிட்டார். ‘மாப்ளே, உன் கணக்கு சரி. ஆனா எப்ப வந்துச்சு? ஜூன் பன்னெண்டு மேட்டூர் திறந்தாத்தானே குறுவை. எனக்குத் தண்ணி வேண்டிய மாசத்துல இல்லை. வேண்டாத மாசத்துல வந்து மதகை உடைச்சுட்டுப் போச்சு. வருஷக் கணக்குல நீ எனக்குப் பாக்கி இல்லைங்கிறே. நான் நாத்தங்காலை வருஷக் கணக்குல வெக்கிறதா?’

அதற்கு நான் என்ன சொல்ல? மாதவாரியாக எவ்வளவு என்று நடுவர் மன்றத்தின் அட்டவணையே இருக்கிறது. பெங்களூரு மேடைகளில் ‘உரியதைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டோம்’ என்பவர்கள் அந்த அட்டவணையை எடுப்பதில்லை. தஞ்சாவூர் மேடைகளில் ‘சொட்டுக்கூட இல்லை’ என்பவர்கள் வெள்ள மாதங்களை எடுப்பதில்லை. மண்டியா நண்பரிடம் மாமா சொன்னதைச் சொன்னேன். ‘என் கரும்புக்கும் அதே கதைதான் ஸார். பஞ்ச வருஷத்துல மழை வராத மாசத்துக்கு அட்டவணை என்ன சொல்லும்?’ என்றார். மாமாவும் அவரும் ஒருமுறை சந்தித்தால் நன்றாகப் பேசுவார்கள், நன்றாகச் சண்டையும் போடுவார்கள் என்று தோன்றியது. இருவருக்கும் தண்ணீர் என்பது தேதியோடு சேர்ந்த விஷயம்.

2024 அக்டோபர் 16 அன்று காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டத்தைத் தொரெக்காடனஹள்ளியில் தொடங்கிவைத்தார்கள். நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், அதாவது பத்திரிகைகளின் மொழியில் 775 எம்.எல்.டி. அன்று சாயங்காலம் அடுக்ககக் குழுவில் பூச்செண்டுகளோடும் பட்டாசுப் படங்களோடும் ஒரு செய்தி: பெங்களூருக்குக் கூடுதலாக 775 டி.எம்.சி. காவிரித் தண்ணீர்!

வருஷம் முழுக்க ஓடினாலும் அந்த 775 எம்.எல்.டி. பத்து டி.எம்.சி.தான். செய்தியில் சொன்னபடியானால் நடுவர் மன்றம் கணக்கிட்ட மொத்தக் காவிரியையும் பெங்களூரே குடித்துவிட்டு, போதாமல் இன்னும் 35 டி.எம்.சி. கடன் வாங்கியிருக்க வேண்டும். எல்லோரும் கைகூப்பி நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசி மாடி அம்மா ஒருவர் இனி டாங்கரே வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

எதிர் வீட்டு மணியை அடித்தேன். அவரும் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தார்.

‘பார்த்தீங்களா ஸார்?’

‘பார்த்தேன். எழுதிக்கூட வெச்சுட்டேன். நீங்க போடுங்க.’

‘நானா? இது தமிழ்நாட்டுக்கு எதிரா இல்லையே.’

‘கர்நாடகத்துக்கும் எதிரா இல்லை. அப்ப இது யார் பாடு?’

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றோம். உள்ளேயிருந்து அவர் மனைவி, ‘இப்ரூ ஏனு மாடித்தீரா, காபி ஆறோகுத்தெ’ என்று கூப்பிட்டார். காபியைக் குடித்துவிட்டுத் தீர்மானிக்கலாம் என்று உள்ளே போனோம்.